மேசை தட்டாமல் ஒரு போர்

"உங்க தாய்க்கப்பல் போயாச்சு" என்றேன்.

அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாதேஷின் தலை மெதுவாக உயர்ந்தது. முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு நம்பாத இரண்டு கண்கள்.

"எங்கேருந்து அடிச்சே?"

"தூசி மண்டலத்துக்குள்ளேருந்து."

"அங்கே எப்போ வந்தே?"

"மூணு வாரமா அங்கேதான் இருக்கேன்."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாக விழுந்தது. "மோசா! கிரீஷண்ணா, இது மோசா!"

மோசா என்றால் கன்னடத்தில் ஏமாற்று. அந்த அறையில் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லை மாற்ற மனம் வரவில்லை. அதன் சூடு இன்னும் என் காதில் இருக்கிறது.

"மேசையைத் தட்டினாளா? இல்லை. பேர் சொன்னாளா? அதுவும் இல்லை. கள்ளி மாதிரி படுத்துக் கிடந்து அடிச்சிருக்கா. இதுக்குப் பேர் யுத்தமா?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். மேசையின் ஓரத்தில் கிடந்த பித்தளைச் சாவி இனி ஒரு வருடத்துக்கு என்னுடையது.

அந்த ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு சாவியும் நாலு நாற்காலியும்

சாவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு கடிதம். இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இருபத்து நாலு வயதில் நினைவுக் குறிப்பு எழுத என்ன அவசரம்?"

ஐயா, எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அப்பாவின் நினைவுகள், அம்மாவின் நினைவுகள், அவர்களைப் பெற்றவர்களின் நினைவுகள் எல்லாம் என் மேசையில் வரிசையில் நிற்கின்றன. நான் இப்போதே ஆரம்பித்தால்தான் முடிக்க முடியும்.

சாவிக்கு வருகிறேன். மைசூரில் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை ஒன்று இருந்தது. கடை கிரீஷண்ணாவின் அப்பாவுடையது. கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கே மூன்று அலமாரி நிறைய ஆங்கிலத்தில் விஞ்ஞானக் கதைகள். எல்லாம் பழைய புத்தகங்கள். அட்டை போனவற்றுக்கு கிரீஷண்ணாவே காலிகோ துணி ஒட்டி அட்டை போட்டிருப்பார். அறை முழுக்கப் பசை வாசனை.

நான் அப்போது மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைப் புத்தகக் கடையில் நின்றுகொண்டே படிப்பேன். ஒரு நாவலை ஆறு ஞாயிறு நின்று முடித்தேன். ஏழாவது ஞாயிறு, கடலைக்காய் தின்றுகொண்டிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர், "ஏனம்மா, கால் வலிக்கலையா? எங்க மாடியில நாற்காலி இருக்கு" என்றார். அவர்தான் கிரீஷண்ணா.

நாலு ஆண்கள் இருக்கும் மாடிக்கு ஒரு பெண் தனியாகப் போவதா என்று அம்மா கேட்டாள். அப்பா ஒரு ஞாயிறு என்னோடு வந்தார். அவர் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் கூரைக்குப் பலகையும் முட்டும் அடிக்கிற வேலை, பார்ப்பவர். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுவரையும் கூரையையும் கிரீஷண்ணாவையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "சென்ட்ரிங் கோணலா அடிச்சிருக்கான். ஆளு நேராத்தான் இருக்கான். போவட்டும்."

இப்போது சாவி. மாடியில் வருடத்துக்கு ஒரு போர் நடக்கும். ஆளுக்கொரு போர்க்குலத்தைக் கற்பனை செய்ய வேண்டும். வரைபடத் தாளில் கட்டங்கள், கட்டங்களில் கப்பல்கள். நடுவில் அட்டைத் தடுப்பு. நம் நகர்வைத் துண்டுச் சீட்டில் எழுதி கிரீஷண்ணாவிடம் கொடுப்போம். எது யார் கண்ணுக்குத் தெரியும் என்பதை அவர் மட்டும் சொல்வார். ஜெயிப்பவருக்கு மாடிச் சாவி ஒரு வருடம் சொந்தம். எப்போது வேண்டுமானாலும் வரலாம், திறக்கலாம், படிக்கலாம்.

எங்கள் வீடு ஒரே அறை. ஏழு பேர். பகல் முழுக்க அம்மாவும் அத்தையும் ஊதுபத்தி உருட்டுவார்கள். தரையில் கால் வைக்க இடமிருக்காது, கருப்பு மாவு எல்லாவற்றிலும் ஒட்டும். என் நோட்டுப் புத்தகங்களை முகர்ந்தால் கோயில் மாதிரி இருக்கும். ஒரு மேசை, ஒரு டியூப் லைட், உள்ளிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்த வயதில் நான் கேட்ட சொர்க்கம் அவ்வளவுதான்.

மானஸ்தர்களின் மாயப் பொத்தான்

கிரீஷண்ணாவின் இரண்டாவது அலமாரி முழுக்க விண்வெளிப் போர்கள்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். எந்த நாவலை எடுத்தாலும் ஒரு வீரக்குலம் கட்டாயம் இருக்கும். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் வைத்திருப்பார்கள், இடுப்பில் வாளும் தொங்கும். உண்பதற்கு முன் சபதம், சாவதற்கு முன் பாட்டு. மானம், மானம் என்று பக்கத்துக்குப் பத்து தடவை வரும்.

ஆனால் அவர்கள் கப்பலில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கப்பல் கண்ணுக்குத் தெரியாது.

முதல் தடவை படித்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டேன். இவ்வளவு மானம் பேசுகிறவர்களுக்கு எதற்கு இந்தப் பொத்தான்?

எழுதியவர்களுக்கும் அந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. ஆளுக்கொரு சமாதானம் வைத்திருந்தார்கள். ஒருவர் கதையில், ஒளிந்து வரலாம், ஆனால் அடிப்பதற்கு முன் முகத்தைக் காட்ட வேண்டும். இன்னொருவர் கதையில், ஒளிந்து போகிற வேலை அடிமைகளுக்கு, வெளிச்சத்தில் மோதுகிற வேலை பிரபுக்களுக்கு. முக்கால்வாசிச் சண்டையை முடிப்பது அடிமைகள். பாட்டு மட்டும் பிரபுக்களின் பேரில். மூன்றாவது ஒன்றில், எதிரியின் கப்பலுக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, தளபதியின் தலையணை மேல் ஒரு சிவப்பு நூல் முடிச்சை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். "கொன்றிருக்க முடியும், கொல்லவில்லை" என்று அர்த்தம். அந்தக் குலத்தை மட்டும் எனக்குப் பிடித்தது.

மாடியில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடக்கும். மாதேஷ் எப்போதும் மானத்தின் கட்சி. அவர் இன்ஜினியரிங் மாணவர், விடுதியில் இருந்தார், என்னைவிட இரண்டு வயது பெரியவர். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல்.

"வீரன்னா வெளிச்சத்தில் நிக்கணும். நான் இன்னார், இந்தக் குலம்னு சொல்லணும். அப்புறம் அடி. ஒளிஞ்சுக்கிறது கொசுவோட வேலை" என்பார்.

"கொசு ஜெயிக்குதே?" என்பேன்.

"ஜெயிச்சா? கொசுவுக்கு யாராவது சிலை வெப்பாங்களா?"

கிரீஷண்ணா வயிறு குலுங்கச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மார்பைக் காட்டி நில் என்று யார் சொல்கிறார்கள்? மார்பில் கவசம் இருப்பவர்கள். கனமான கப்பல் உள்ளவனுக்கு வெளிச்சம் மானம். தகரக் கப்பல் உள்ளவனுக்கு அது தற்கொலை. ஒளிவது கேவலம் என்ற சட்டத்தை எழுதியவன், தன் வாழ்நாளில் ஒருமுறைகூட ஒளிய வேண்டிய அவசியம் இல்லாதவனாகத்தான் இருப்பான்.

எனக்கு இருந்தது.

கதவு வைக்காத வீடு

காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வெடித்த குளிர்காலம் அது. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் தமிழர் வீடுகளைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அன்று காலையிலேயே அப்பாவின் மேஸ்திரி, அவர் கன்னடக்காரர், எங்கள் எல்லோரையும் தான் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார்.

அந்த வீட்டுக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கூரைக்குக் கீழே சவுக்குக் கம்பு முட்டுகள் நெருக்கமாக நின்றன. அந்தக் கம்புக் காட்டுக்குள் நாலு நாள் இருந்தோம். மேஸ்திரி காலையும் மாலையும் சிமெண்ட் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற மாதிரி வருவார். சட்டியில் மேலாக மணல் சல்லடை, அடியில் ராகிக் களி.

என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. அம்மா அவளுக்குக் கன்னடப் பாடம் எடுத்தாள். "அம்மான்னு கூப்பிடலாம் கண்ணு, அவங்களுக்கும் அம்மாதான். தண்ணின்னு மட்டும் கேக்கக் கூடாது. நீருன்னு கேளு. எங்க, சொல்லு, நீரு."

மூன்றாம் நாள் அவள் அரைத் தூக்கத்தில் புரண்டு, "நீரு" என்று கேட்டாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அப்பாவுக்கு சிமெண்ட் தூசியால் தீராத இருமல். மூன்று மாடி உயரத்தில் ஒற்றைப் பலகையில் நின்று ஆணி அடிக்கிற மனிதர் அவர். நாலு நாளும் தலைத்துண்டை வாயில் அடைத்து அந்த இருமலை விழுங்கினார். கண்கள் ரத்தமாகச் சிவந்தன. இரண்டாவது அலமாரி நாவல்கள் எதிலும் அப்படி ஒரு போரை நான் படித்ததில்லை.

அமைதி திரும்பிய பிறகு தருமபுரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனோம். டீக்கடையில் ஒருவர் அப்பாவைக் கேட்டார்: "என்னாய்யா, ஓடி ஒளிஞ்சிக்கினியாமே?" நாலு பேர் சிரித்தார்கள். அப்பா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மைசூர் திரும்பியதும் அப்பா, "வெளியில யாராச்சும் கேட்டா பேரு புஷ்பான்னு சொல்லு பாப்பா" என்றார். என் பெயர் பூங்கொடி. கல்லூரிப் பதிவேட்டில் பூங்கொடி. மாடியில், கிரீஷண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும், நான் புஷ்பா.

தூசிக்குள் மூன்று வாரம்

போருக்கு முன் ஒவ்வொருவரும் தன் குலத்தின் நெறிகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கிரீஷண்ணாவிடம் தர வேண்டும். அவரும் பிரிக்க மாட்டார். சண்டை வந்தால் மட்டும் பிரிப்பார். யாருடைய சட்டத்தையும் யாரும் கேட்கக் கூடாது, ஆனால் நீ எழுதிய சட்டத்தை நீ மீறினால் வெளியே. இதுதான் அந்த மாடியின் அழகு. அதுவரை ஒரு உறையைக்கூடப் பிரித்ததில்லை.

இது தவிர எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. அடிப்பதற்கு முன் மேசையை ஓங்கித் தட்டி, குலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கிரீஷண்ணாவின் அப்பா இளவயதில் குஸ்தி பிடித்தவர். மல்லர்கள் களத்தில் தொடை தட்டுவது போல இது மேசை தட்டல்.

மாதேஷின் குலத்துக்கு வஜ்ரர்கள் என்று பெயர். ஒவ்வொரு ஞாயிறும் மேசையைத் தட்டி, தன் தாய்க்கப்பல் எந்த வழியாக வரப்போகிறது என்பதையே அறிவிப்பார். "வடக்குக் கோட்டோடு வர்றேன். தைரியம் இருக்கிறவன் தடுக்கட்டும்!"

என் குலத்துக்கு அரவமிலார், அதாவது சத்தமில்லாதவர்கள், என்று பெயர் வைத்தேன். வரைபடத்தின் வடக்கில் ஒரு தூசி மண்டலம் உண்டு. அதற்குள் இயந்திரத்தை நிறுத்திக் கிடக்கும் கப்பல் யார் கண்ணிலும் படாது. அசைந்தாலும் சுட்டாலும் தெரிந்துவிடும். எல்லோரும் அதைக் கடந்து போவார்கள், தங்க மாட்டார்கள். தங்கினால் நம் முறை வீணாகும்.

நான் தங்கினேன். மூன்று ஞாயிறு என் சீட்டில் ஒரே வரிதான்: அசையவில்லை.

"என்னம்மா புஷ்பா, உன் சைன்யம் தூங்குதா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். அவரும் இன்னொருவரும் முதல் வாரமே தோற்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிக்குதோ என்னவோ" என்றார் மாதேஷ்.

நாலாவது ஞாயிறு அவர் வடக்குக் கோட்டில், சொன்ன சொல் தவறாமல், தூசியைத் தாண்டி மூன்று கட்டம் தள்ளி வந்தார். ஒரே அடி. அதன் பிறகுதான் நான் முதலில் எழுதிய காட்சி.

உறை

"சத்தம் போடாதே மாதேஷ்" என்றார் கிரீஷண்ணா. "மேசை தட்டறது வழக்கம். சட்டம் இல்லை. அவ குலத்தோட நெறியில என்ன எழுதியிருக்குன்னு பாத்துடலாம். ஒளிஞ்சு அடிக்கலாம்னு இருந்தா ஜெயிச்சது அவதான்."

அவர் பீரோவைத் திறந்தார்.

உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு காரியம் செய்திருந்தேன். நெறிகளைத் தமிழில் எழுதியிருந்தேன். முதலில் கன்னடத்தில்தான் எழுதிப் பார்த்தேன். பள்ளியில் நான் படித்த மொழி அது. தமிழ் எழுத்தை அப்பாவின் வேலைக் கூட்டாளி ஒருவர் சொல்லித்தரக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனாலும் இந்தக் குலம் எனக்குள் தமிழில்தான் பேசியது. கம்புக் காட்டுக்குள் நாலு நாள் வாய்க்குள்ளேயே கிடந்த மொழி வேறு எப்படி வரும்?

கிரீஷண்ணா தாளைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"இது... தமிழா?"

வேடிக்கை பார்த்த இருவரில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "நீ தமிழா புஷ்பா? இத்தனை நாளாத் தெரியவே இல்லையே!"

"என் பேர் பூங்கொடி" என்றேன். "தெரியாம இருக்கிறதுதான் எங்க ஆளுங்களோட வீரம். இப்பவாவது நம்புறீங்களா?"

கிரீஷண்ணா சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நானே படிக்கிறேன், கொடுங்க."

"அவளே படிச்சா? இல்லாததையும் சேர்த்துப் படிப்பா" என்றார் அந்த இன்னொருவர். அதிலும் நியாயம் இருந்தது.

"இங்கே யாருக்காவது தமிழ் படிக்க வருமா?" என்று கேட்டார் கிரீஷண்ணா.

"கொத்தில்லா" என்றார் முதலாமவர். தெரியாது என்று அர்த்தம். "கொத்தில்லா" என்றார் இரண்டாமவர்.

மாதேஷ் ஒரு நொடி தாமதித்தார். "கொத்தில்லா."

கிரீஷண்ணா விடுகிற ஆள் இல்லை. தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டு, படிக்கத் தெரிந்த ஆளைப் பிடித்து வருகிறேன் என்று மார்க்கெட்டுக்கு இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூக்கட்டுகிறவரிடம் கேட்டார். இல்லை என்று தலை ஆடியது. வாழையிலைக்காரரிடம் கேட்டார். ஞாயிறு தவறாமல் அந்த மனிதர் தன் மனைவியைத் தமிழில் திட்டுவதும், அவள் அதைவிட நல்ல தமிழில் திருப்பிக் கொடுப்பதும் மாடிவரை கேட்கும். "நமக்குக் கொத்தில்லா சார்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு இலைக் கட்டுகளைத் திருப்பி அடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் ஜன்னலிலிருந்து அவர்களைக் கைகாட்டியிருக்கலாம்.

திரும்பியபோது, மாதேஷ் மேசை மேல் குனிந்திருந்தார். அவர் கண்கள் என் தாளில் இடமிருந்து வலமாக ஓடின, அடுத்த வரிக்கு இறங்கின, மறுபடி ஓடின. மூன்றாவது வரியில் நின்றுவிட்டன.

எனக்கு இது முன்பே தெரியும். இரண்டு மாதம் முன்பு பஸ் நிலையத்தில், கொள்ளேகால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு அம்மா, ஜன்னலோர இருக்கையிலிருந்து கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, நேரத்துக்குச் சோறு திங்கோணும். இப்பிடி எளச்சுப் போயிட்டயே." அந்த உயரமான குரல் அன்று இறங்கி இருந்தது. "செரிங்கம்மா. நீங்க பத்திரமாப் போங்க." ஹனூர் பக்கத்துத் தமிழ். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மூன்று வரிகள்

அந்தத் தாளில் இருந்தது இதுதான்.

"கண்ணில் படாமல் இருப்பது எங்கள் வீரம். அதற்காக எங்களில் யாரும் வெட்கப்பட மாட்டோம்.

ஆயுதத்தோடு வருகிறவனை எங்கிருந்தும் அடிப்போம். உறங்குகிறவனையும், குழந்தை உள்ள கப்பலையும், காயத்தோடு திரும்புகிறவனையும் அடிக்க மாட்டோம்.

மறைந்திருக்கும் ஒருவனை, அவன் எதிரியே ஆனாலும், காட்டிக்கொடுக்க மாட்டோம். வெளியே வருவதும் வராததும் அவனவன் முடிவு."

கிரீஷண்ணா வெறுங்கையோடு ஏறி வந்தார். சட்டையில் சாமந்தி மகரந்தம். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மார்க்கெட்ல தமிழே இல்லையாம்" என்றார்.

நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். இதோ, இவருக்குப் படிக்கத் தெரியும், கேளுங்கள் என்று ஒரு வாக்கியம். சாவி என் கைக்கு வந்திருக்கும். மாதேஷ் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. அந்த உயரம் முழுவதும் சட்டைக்குள் சுருங்கியது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கம்புக் காட்டுக்குள், துண்டைக் கடித்துக்கொண்டிருந்த முகம்.

நான் விரலை நீட்டவில்லை.

"சரி, ஒண்ணு செய்யலாம்" என்றார் கிரீஷண்ணா. நல்ல மனிதர், எல்லோரையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறவர். "வழக்கம் தெரியாம தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இந்த ஆட்டத்தை அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிப்போம். நீ எப்பவும் போல வா, படி."

"வழக்கம் தெரியும் அண்ணா. தெரிஞ்சுதான் தட்டலை."

"ஒரு வார்த்தைதானேம்மா."

"அந்த ஒரு வார்த்தையை எங்கப்பாவே சொன்னதில்லை. நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. நான் விளக்கவும் இல்லை. "நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லி, தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். பாதி படித்த நாவலை அதன் இடத்தில், அதே வரிசையில், முதுகு வெளியே தெரிய வைத்தேன். இரண்டாவது அலமாரி, மூன்றாவது தட்டு. அதை விடுவதுதான் அன்று உண்மையாகவே வலித்தது.

பாதிப் படி இறங்கியிருப்பேன், பின்னால் காலடி கேட்டது.

"ஏனுங்க" என்றார் மாதேஷ். முதல் முறையாக என்னிடம் தமிழில். குரல் தணிந்திருந்தது. "உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"கொள்ளேகால் பஸ்ல உங்கம்மாவை ஏத்திவிட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல? சொல்லியிருந்தா சாவி உங்களுதுங்களே?"

"மூணாவது வரி. படிச்சீங்கல்ல?"

"அது வெளயாட்டுக்கு எழுதுனதுங்க."

"உங்களுக்கு விளையாட்டு."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேலே கிரீஷண்ணா யாரிடமோ பேசும் சத்தம். கீழே வாழையிலைக்காரர் இலையை விரித்து உதறும் சத்தம்.

"நா மேல போயி படிச்சுச் சொல்லட்டுங்களா?"

"அது உங்க முடிவு" என்றேன். "எனக்காகச் சொல்லாதீங்க. உங்களுக்காச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. சொல்லாட்டியும் ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க."

மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் நடுவில் அவரை விட்டுவிட்டு நான் தெருவுக்கு வந்தேன்.

எழுதாமல் விடுவது

சாவி எனக்கு வரவில்லை. நான் திரும்பிப் போகவில்லை, அதனால் வரவில்லை. மீதிப் படிப்பைக் கல்லூரி ஆய்வுக்கூடத்து வராந்தாவில், கந்தக வாசனையில், தரையில் உட்கார்ந்து முடித்தேன். எங்கள் பரம்பரையின் முதல் பட்டத்தில் பூங்கொடி என்று அச்சாகியிருக்கிறது. அதை அப்பா தடவிப் பார்த்தார்.

அன்று மாதேஷ் மேலே ஏறினாரா, கீழே இறங்கினாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். பிற்பாடு தெரிந்தது. எழுத மாட்டேன். அது அவருடைய கதை, வேண்டுமென்றால் அவர் எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாதேஷ் என்பது நான் வைத்த பெயர். அவர் ஊர் ஹனூர் பக்கம் இல்லை. அந்த அம்மா ஏறியது கொள்ளேகால் பஸ் இல்லை. உயரத்தை மாற்றியிருக்கிறேன், படிப்பை மாற்றியிருக்கிறேன், பேச்சைக்கூட வேறு பக்கத்துப் பேச்சாக மாற்றியிருக்கிறேன். மைசூரில் இருக்கும் யாருக்காவது "இவரை எனக்குத் தெரியுமே" என்று தோன்றினால், அவர்களுக்கு ஒரு வார்த்தை.

நீங்கள் நினைக்கிற ஆள் அவர் இல்லை.